குளிருக்கு அஞ்சி மூட்டும் தீ

மார்கழி பிறந்ததும் எங்கள் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழும். மருந்துச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்ட பிறகு, கதவருகே நின்று திரும்பிப் பார்த்துக் கேட்பார்கள்: "சார், பசங்களுக்கு லீவு விட்டிருக்கு. ஊட்டிக்குப் போலாம்னு இருக்கோம். அம்மாவையும் கூட்டிட்டுப் போலாமா?" அம்மா அருகிலேயே நிற்பார். போக வேண்டும் என்ற ஆசை அவர் முகத்தில் தெரியும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற அச்சமும் தெரியும்.

பெரும்பாலானோருக்கு எங்கள் விடை, "போய் வாருங்கள்" என்பதே. நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருப்பதால் மட்டும் ஒருவர் மலையைப் பார்க்கக் கூடாது என்று மருத்துவத்தில் எந்த விதியும் இல்லை. ஆனால் அந்த விடையைக் கதவருகே நின்றபடி ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்க இயலாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

நம் மாவட்டத்தார் பனிக்காலத்தில் செல்லும் மலைகள் சிலவே. தருமபுரி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்கும் சற்றுக் குறைவான உயரத்தில் உள்ளது. நமக்கு அருகிலேயே இருக்கும் வத்தல்மலை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் காலைப் பனிமூட்டமும் காணக் கிடைக்கும். ஏற்காடு ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உதகையின் தலைகுந்தா போன்ற தாழ்வான புல்வெளிகளில் வைகறை வேளையில் உறைபனி படியும். வெப்பநிலை பூச்சியத்தைத் தொடும் நாட்களும் உண்டு. வடநாட்டுப் பனிமலையை நேரில் காணாத நம் மக்களுக்கு அந்த வெள்ளைப் புல்வெளியே பனிமலை.

நோயாளர்கள் பலரும் அஞ்சுவது உயரத்தைப் பார்த்துத்தான். மூச்சு முட்டுமோ, ஆக்ஸிஜன் போதாதோ என்று கேட்கிறார்கள். உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தங்கும்போதுதான் பொருட்படுத்தத் தக்கதாகிறது. நீலகிரியின் மிக உயர்ந்த தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அங்கு எவரும் இரவு தங்குவதில்லை. நுரையீரல் நோயாளர்களைத் தவிர மற்றவர்களுக்கு உதகையின் உயரம் பெரிய பகை அன்று. எங்கள் அனுபவத்தில், குளிர் நேரடியாக வீழ்த்தியவர்களைக் காட்டிலும், குளிருக்கு அஞ்சித் தாங்களே செய்துகொண்ட காரியத்தால் துன்புற்றவர்களே மிகுதி.

அறைக்குள் வந்த தணல்

சென்ற ஆண்டு எங்களிடம் வந்த ஒரு குடும்பத்தின் கதையை, அவர்களின் இசைவோடு சொல்கிறோம். அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார், அவர் மகன், மருமகள், இரு பேரக் குழந்தைகள். மலையூர் ஒன்றில் தனி வீடு ஒன்றை இரண்டு நாட்களுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். முதல் நாள் இரவு முற்றத்தில் தீ மூட்டிக் குளிர்காய்ந்தார்கள். பத்து மணிக்கு மேல் குளிர் தாங்கவில்லை. தீ அணைந்து கரி மட்டும் கனன்றுகொண்டிருந்தது. புகை இல்லை, ஆகவே ஆபத்தும் இல்லை என்று எண்ணி, அந்தத் தணலை ஓர் இரும்புச் சட்டியில் அள்ளி அறையின் மூலையில் வைத்து, கதவையும் சன்னலையும் இறுகச் சாத்திக்கொண்டு ஐவரும் உறங்கினார்கள்.

நள்ளிரவு கடந்து சின்னக் குழந்தை வாந்தி எடுத்தது. மருமகளுக்குத் தலை பிளப்பது போன்ற வலி. இரவு உண்ட பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை என்றே நினைத்தார்கள். குழந்தையைக் கழுவுவதற்காக மருமகள் கதவைத் திறந்ததுதான் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது. அம்மையாரை எழுப்பியபோது அவர் எழவில்லை. வெளியே தூக்கி வந்து கிடத்திய சில நிமிடங்களுக்குப் பிறகே கண் விழித்தார். அருகிலிருந்த ஒரு சிறு மருத்துவமனையில் விரலில் கருவி மாட்டிப் பார்த்து, ஆக்ஸிஜன் 98 இருக்கிறது, அஞ்ச வேண்டாம் என்று சொல்லி, வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்துத் தலைவலி தீராமல் எங்களிடம் வந்தபோது, "அறையில் அடுப்பு ஏதும் இருந்ததா?" என்று கேட்டோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கரி எரியும்போது, அதிலும் புகையின்றிக் கனலும்போது, கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணை எரிக்காது, இருமலும் வராது. இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு இந்த வாயு ஆக்ஸிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். மூச்சு சீராக வந்துபோகும்; ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்ஸிஜன் போய்ச் சேராது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரால் இந்த இரண்டையும் பிரித்தறிய இயலாது. ஆகவே அது 98 என்றே காட்டும். கொரோனா காலத்தில் வாங்கிய அந்தக் கருவியை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இந்த நச்சை அறிந்துகொள்ள ஓர் எளிய அடையாளம் உண்டு. ஒரே அறையில் உறங்கிய பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி வந்தால், உணவைக் குறை சொல்லும் முன் அறையை விட்டு வெளியேறுங்கள். கதவையும் சன்னலையும் திறந்துவிட்டு, மயங்கியவரை வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து, 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில், "அறையில் கரி இருந்தது" என்று முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் இந்த வாயு பாதியாகக் குறையவே நான்கு, ஐந்து மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக முழு ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்திற்குள் குறையும். கருவுற்ற பெண்ணாக இருந்தால் தாய் தேறியபின்னும் குழந்தைக்கு ஆபத்து நீடிக்கலாம் என்பதால் கட்டாயம் மருத்துவமனையில் காட்ட வேண்டும்.

கொடைக்கானலில் 2024 ஆகஸ்ட் மாதம் இரண்டு இளைஞர்கள், சமைத்த கரி அடுப்பை அறைக்குள் வைத்து உறங்கி உயிரிழந்த செய்தியை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் நோயாளர்கள் அல்லர். உடல் நலம் மிக்கவர்கள். இதய நோயோ இரத்தசோகையோ உள்ளவருக்கு இன்னும் குறைந்த அளவு நச்சே போதும். குமுட்டி அடுப்பு, இறைச்சி வாட்டும் கரித் தட்டு, குளியலறைக்குள் பொருத்திய எரிவாயு கீசர், எஞ்சினை ஓடவிட்டு உறங்கும் கார் ஆகியவற்றில் எல்லாம் இதே ஆபத்து உள்ளது. அறை எடுக்கும்போது வாடகையைக் கேட்பது போலவே, வெந்நீர் எப்படி வருகிறது, குளியலறைக்குக் காற்றுப்போக்கி உண்டா என்றும் கேளுங்கள். பதிவு பெற்ற விடுதியில் தங்குவதன் பயன்களில் இதுவும் ஒன்று.

அந்த அம்மையார் தேறிவிட்டார். ஆனால் பல வாரங்கள் மறதியும் சோர்வும் இருந்தன.

மாத்திரையும் கழிப்பறையும்

இதயம் பலவீனமாகி, கால் வீக்கத்திற்காக நீர் மாத்திரை உட்கொள்வோர் பயண நாளில் அதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை. தருமபுரியிலிருந்து சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம் வழியாக உதகை செல்ல ஏறக்குறைய முழுப் பகல் ஆகிறது. இடையில் பெண்கள் தயங்காமல் நுழையத் தக்க கழிப்பறைகள் எத்தனை? மாத்திரையை விடுவதோடு நில்லாமல், காலையிலிருந்து தண்ணீரும் குடிப்பதில்லை. மேலே போனதும் குளிரில் சூடாகக் குடித்து, உப்பு மிகுந்த உணவை உண்டு, படுத்த பின் நள்ளிரவில் மூச்சுத் திணறி எழுகிறார்கள். குளிரில் தோலின் இரத்த நாளங்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் உயரும். ஏற்கெனவே தளர்ந்த இதயம் அந்தப் பாரத்தைத் தாங்காது. மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. விடுதிக்குச் சென்று சேர்ந்தபின் பிற்பகலில் எடுக்கலாமா என்று முன்கூட்டியே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் நேரத்தை மாற்றித் தர இயலும். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். நாங்களே கேட்காமல் விடுவதுதான் பிழை.

இரத்த அழுத்தம் 160/100-க்கு மேல் நிற்கும்வரை பயணத்தைத் தள்ளிவைக்கச் சொல்கிறோம். மாரடைப்பு வந்தவரும் ஸ்டென்ட் பொருத்தியவரும் முதல் ஆறு வாரங்களுக்கு மலைப் பயணம் மேற்கொள்ள வேண்டாம் என்பது எங்கள் துறையின் வழக்கம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவரை மட்டும் உயரத்தைக் கருத்திற்கொண்டு தனியே பரிசோதிக்க வேண்டும். உதகையின் காற்றில், கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் நான்கில் மூன்று பங்கிற்குச் சற்றே அதிகம்தான் கிடைக்கும். இங்கே, சமவெளியில் அமர்ந்திருக்கும்போதே ஆக்ஸிஜன் அளவு 92-க்குக் கீழ் இருப்பவர், உதகைக்குப் பதில் வத்தல்மலைக்கோ ஏற்காட்டுக்கோ பகல் வேளையில் போய்த் திரும்பலாம். அங்கும் அழகு குறைவில்லை. உதகையில் விற்கும் வறுக்கியை இப்போது தருமபுரிக் கடைகளிலேயே வாங்கலாம் என்று ஒரு நோயாளரிடம் ஆறுதல் சொன்னோம், அவர் சிரிக்கவில்லை.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். இன்சுலின் போட்டு, சிற்றுண்டி உண்டு, உடனே வளைவுப் பாதையில் ஏறி, மூன்றாவது வளைவில் உண்டதை எல்லாம் வாந்தி எடுத்தால், உள்ளே இன்சுலின் மட்டுமே மிஞ்சும். சர்க்கரை இறங்கும்போது கை நடுங்கும்; அருகில் இருப்பவர் குளிர் நடுக்கம் என்று கருதிப் போர்வையைப் போர்த்துவார். மலையில் நடுக்கம் கண்டால் போர்வைக்கு முன் சர்க்கரையைச் சோதியுங்கள். சோதிக்க இயலாவிட்டால் இனிப்பைக் கொடுத்துவிடுங்கள். குளுக்கோமீட்டரும் இன்சுலினும் உடலோடு ஒட்டிய உட்பையில் இருக்கட்டும். கடுங்குளிரில் அந்தக் கருவி சரியாக வேலை செய்யாது. இன்சுலின் உறைந்துவிட்டால், உருகித் தெளிந்த பின்னும் அதைப் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்திய ஊசிகளை ஒரு டப்பாவில் இட்டு வீட்டுக்கே கொண்டு வாருங்கள். விடுதிக் குப்பையைப் பிரிக்கும் தொழிலாளியின் கையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பாதம். பல ஆண்டு நீரிழிவில் பாதத்தின் உணர்வு மங்கிவிடுகிறது. அத்தகையவர் தீயருகே காலை நீட்டிக் குளிர்காயும்போது, சூடு எப்போது சுடுகையாக மாறியது என்று அவருக்குத் தெரியாது. வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்து உறங்குவோருக்கும் இதே கதி. ஊர் திரும்பியபின் கொப்புளத்தோடு வந்து, அது புண்ணாகி, விரலை இழந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். கம்பளிக் காலுறை போதும். தீயை முழங்கையால் மட்டும் அளந்து பாருங்கள். பாதத்தால் அளக்க வேண்டாம்.

குளிரைப் போக்க மது என்பது ஆண்கள் பலரின் நம்பிக்கை. மது தோலின் இரத்த நாளங்களை விரித்து, உள்ளுடலின் வெப்பத்தை வெளியேற்றுகிறது. சூடேறுவதாகத் தோன்றும் அந்நேரத்தில் உடல் குளிர்ந்துகொண்டிருக்கும்.

அனுமதியும் பாதையும்

உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனத்தில் செல்ல, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறையில் உள்ளது. மலை தாங்கக்கூடிய வாகனங்கள் எத்தனை என்ற கேள்வியில் பிறந்த ஏற்பாடு இது. 2025 கோடைக்காக, நாளொன்றுக்கு இத்தனை வாகனங்கள் என்ற வரம்பையும் நீதிமன்றம் விதித்தது. இணையத்தில் கட்டணமின்றிப் பெறலாம். அரசுப் பேருந்திலோ தொடர்வண்டியிலோ செல்வோருக்குத் தேவையில்லை. புறப்படும் முன்னரே பெற்றுவிடுங்கள். சோதனைச் சாவடியில் கைப்பேசி சிக்னலைத் தேடிக்கொண்டு வண்டி நிற்கும் ஒரு மணி நேரம், முதியவருக்குச் சிறுநீரும் பசியும் மாத்திரை நேரமும் ஒன்றாகக் கூடும் நேரம்.

சாவடியில் நெகிழித் தண்ணீர்ப் பாட்டில்களை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள். தடை இருக்கிறதே என்று தண்ணீரே இல்லாமல் பயணம் செய்வோரும் உண்டு; குளிரில் தாகம் தெரியாது, ஆனால் சிறுநீர் மிகுதியாகப் பிரியும். அரிவாள் செல் இரத்தசோகை உள்ளவருக்குக் குளிரும் நீரிழப்பும் சேர்வது கடும் வலியை வரவழைத்துவிடும்.

மைசூரைப் பார்த்துவிட்டு உதகை செல்வோர், பந்திப்பூர் காட்டுப் பாதை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்படும் என்பதை அறிந்து புறப்பட வேண்டும். உதகையிலிருந்து கல்லட்டி வழியாக இறங்க வெளிமாவட்ட வாகனங்களை அனுமதிப்பதில்லை. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தச் செங்குத்துச் சரிவில் பழக்கமில்லாத ஓட்டுநர்களால் நேர்ந்த விபத்துகளே காரணம். எந்த மலையிலும் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும். வாந்தியைத் தடுக்கும் மாத்திரையைப் பயணத்திற்கு அரை மணி முன்பு உட்கொள்ளலாம், ஓட்டுநரைத் தவிர. அது உறக்கத்தைத் தரும்.

காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்க இயலாது. தீப்புண்ணோடு வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசத் தயங்குகிறார்கள். இப்போது வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில், வழிகாட்டியோடு செல்லத் தக்க 40 பாதைகள் எளிது, மிதம், கடினம் என வகுக்கப்பட்டுள்ளன. மலையேற்றத்திற்கு உடல் தகுதிச் சான்று கேட்டு எங்களிடம் வருவோரில் சிலர், சோதிக்காமல் கையெழுத்திட்டால் போதும் என்கிறார்கள். நாங்கள் படியேறச் சொல்லிப் பார்க்கிறோம். இரண்டு மாடி ஏறுவதற்குள் நெஞ்சைப் பிடிப்பவருக்கு எளிய பாதையும் எளிதன்று.

காஷ்மீருக்கும் மணாலிக்கும் குழுவாகச் செல்வோர் நம் ஊரிலும் பெருகிவருகிறார்கள். உதகை ஒத்துக்கொண்டது என்பதால் அங்கும் ஒத்துக்கொள்ளும் என்று கருத வேண்டாம். குல்மார்க் 2,650 மீட்டர். அங்கிருந்து இழுவைக் கூண்டில் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் நான்காயிரம் மீட்டரை நெருங்கிவிடலாம். விமானத்தில் இறங்கும் லே நகரமே 3,500 மீட்டர். இதய, நுரையீரல் நோயாளர்கள் பயணச் சீட்டு எடுக்கும் முன் எங்களைப் பார்க்க வேண்டும்; எடுத்த பின் அல்ல.

வைகறையில் உறைபனி பார்க்க விரும்பும் முதியவர், எழுந்தவுடன் வெளியே ஓடாமல், வழக்கமான மாத்திரையை உட்கொண்டு, சூடாக ஏதேனும் குடித்து, தலையையும் காதையும் மூடிக்கொண்டு செல்லட்டும். ஆஸ்துமா உள்ளவர் மூக்கையும் வாயையும் துணியால் மூடி, இன்ஹேலரைக் கையில் வைத்திருக்கட்டும். பனி படிந்த புல்லும் படிகளும் வழுக்கும். நம் மாவட்டத்து நீரின் புளோரைடால் மூட்டும் முதுகும் இறுகியவர்கள் இங்கே பலர். அவர்கள் விழுந்தால் எழுவது எளிதன்று. ஒரு கைத்தடி இருக்கட்டும்.

திரும்பி வந்தபின் ஓரிரு வாரங்களில் கடும் காய்ச்சலும் தலைவலியும் கண்டால், சளிக் காய்ச்சல் என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு நாட்களைக் கடத்த வேண்டாம். புல்வெளியிலும் புதரிலும் உள்ள மிகச் சிறு பூச்சி கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் தமிழகத்தில் மழையும் பனியும் சேர்ந்த மாதங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் சிகரெட் சுட்டது போன்ற கருத்த பொருக்கு இருக்கிறதா என்று வீட்டார் பார்க்க வேண்டும். அது வலிக்காது என்பதால் நோயாளருக்கே தெரிந்திருக்காது. முதலிலேயே கண்டறிந்தால் டாக்ஸிசைக்ளின் என்னும் விலை மலிவான மருந்தில் இரண்டு நாட்களில் காய்ச்சல் இறங்கிவிடும். எங்களிடம் வரும்போது காய்ச்சல் எத்தனை நாள் என்பதோடு, எந்த மலைக்கு, எந்தத் தேதியில் சென்று வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.